கண்ணாடியில் தெரிகிற ஆள்: ‘கேண்டிமேன்’ படத்தை முன்வைத்து

பேய்ப்படம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், “வேற வேலை இல்லையா ஒங்களுக்கு?” என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வதையும் வழக்கும் போராட்டமுமாக எழுத எவ்வளவோ கிடக்கும்போது, அமெரிக்காவில் எடுத்த ரத்தக்களறிப் படம் ஒன்றுக்கு இத்தனை பக்கங்கள் எதற்கு? யார் பேய் என்பதும், யாரைப் பார்த்து யார் பயப்பட வேண்டும் என்பதும் சினிமாக்காரர்கள் மட்டும் முடிவு செய்கிற விஷயம் அல்ல என்பதுதான் என் பதில். எங்கள் பாட்டி சொல்வாள்: “செத்தவன் எல்லாம் பேயா வர்றதில்லடா. கணக்குத் தீராதவன்தான் வருவான்.” இந்தக் கட்டுரை அப்படிக் கணக்குத் தீராத ஒருவனைப் பற்றியது.

1992இல் வெளிவந்த ‘கேண்டிமேன்’ படத்தைத் தொண்ணூறுகளின் கடைசியில் நான் பார்த்தேன். விடுதியில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுப்போம். விடிய விடிய நான்கு கேசட் ஓடும். அன்றைக்கு மூன்றாவதாக ஓடியது இது. இங்கிலீஷ் பேச்சில் பாதி புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஐந்து முறை பேரைச் சொன்னால், வலது கை இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி வைத்த ஒரு கறுப்பு மனிதன் பின்னால் வந்து நிற்பான், கிழித்துப் போடுவான் என்பது மட்டும் புரிந்தது. பயந்தேன். அறையில் இருந்த எல்லோரும்தான் பயந்தோம். மறுநாள் காலை முகம் கழுவுகிற இடத்தில் ஒருத்தன் கண்ணாடியில் என் முகத்தைக் காட்டி, “இவனுக்குக் கொக்கி மட்டுந்தாண்டா இல்ல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. ராத்திரி முழுக்க நான் யார் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாரைப் பார்த்துப் பயந்தேன் என்கிற கேள்வி அப்போதுதான் எனக்குள் விழுந்தது.

29 ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், அந்தப் படத்தின் தொடர்ச்சி வந்தது. இயக்கியவர் நியா டகோஸ்டா என்கிற கறுப்பினப் பெண். ‘கெட் அவுட்’ (2017) எடுத்த ஜோர்டன் பீலும், வின் ரோசன்ஃபெல்டும் அவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். இடையில் 1995இலும் 1999இலும் இரண்டு பாகங்கள் வந்திருந்தன. இவர்கள் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, நேராக முதல் படத்தின் முடிவிலிருந்து நூலைப் பிடிக்கிறார்கள். 2020 ஜூனில் வரவேண்டிய படம் கொரோனாவால் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. வெளியான முதல் வாரக் கடைசியில் அமெரிக்க வசூலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.

பழைய வெட்டுக்குத்துப் பேய்ப்படங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தொடர்ச்சி எடுப்பது ஹாலிவுட்டில் இப்போது ஒரு வியாபாரம். 1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்துக்கு 40 ஆண்டு கழித்து, 2018இல், நேரடித் தொடர்ச்சி எடுத்தார்கள். அன்று தப்பிப் பிழைத்த பெண் கிழவியாகித் துப்பாக்கியோடு காத்திருக்கிறாள். முகமூடிக்காரன் திரும்பி வருகிறான். அவன் ஏன் கொல்கிறான் என்பதற்குக் காரணம் கிடையாது. அவன் வெறும் தீமை. வரலாறு இல்லாத தீமையைக் காட்டுவது சுலபம், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேண்டிமேன் அப்படிப்பட்டவன் இல்லை. அவனைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அவன் கதைக்குத் தொடர்ச்சி எடுப்பது என்பது, கொலைக்கணக்கை மறுபடி திறப்பதாகிறது.

*

முதல் படத்தின் மூலக்கதை கறுப்பர் கதையே அல்ல. கிளைவ் பார்க்கர் என்கிற ஆங்கில எழுத்தாளரின் ‘தி ஃபர்பிட்டன்’ கதை இங்கிலாந்தின் ஏழைகள் வாழும் ஒரு குடியிருப்பில் நடக்கிறது. அங்கே விஷயம் வர்க்கம். இயக்குநர் பெர்னார்ட் ரோஸ் அதைச் சிகாகோவின் கப்ரினி-கிரீன் அரசுக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனதும் பேய்க்கு நிறம் வந்தது. நிறம் வந்ததும் கூடவே வரலாறும் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் படம் சொல்கிற கதை இது. அடிமையாக இருந்த ஒருவரின் மகன் ஓவியன் ஆகிறான். பணக்கார வெள்ளையர்களின் உருவப்படம் வரைகிறான். நிலக்கிழார் ஒருவர் தன் மகளை வரையச் சொல்கிறார். இருவருக்கும் காதல், அவள் கர்ப்பமாகிறாள். தகப்பன் கூலிப்படையை ஏவுகிறான். வரைகிற கையைத் துருப்பிடித்த ரம்பத்தால் அறுக்கிறார்கள். உடம்பில் தேனைப் பூசித் தேனீக்களை விடுகிறார்கள். செத்தபின் எரித்துச் சாம்பலைத் தூவிய இடத்தில்தான் கப்ரினி-கிரீன் எழுந்தது. டோனி டாட் அந்தப் பாத்திரமாக நின்ற நிற்பை யாரும் மறக்க முடியாது. 2024 நவம்பரில் அவர் இறந்தபோது உலகம் முழுக்கப் பேய்ப்பட ரசிகர்கள் துக்கம் கொண்டாடினார்கள். அவர் அந்தக் கொலைகாரனை மிருகமாக நடிக்கவில்லை. மானம் பறிக்கப்பட்ட ஒரு கனவானாக நடித்தார்.

படத்தில் நியாயமான இடங்களும் உண்டு. ஹெலன் என்கிற வெள்ளைக்கார ஆய்வு மாணவி, தான் குடியிருக்கும் விலையுயர்ந்த அடுக்குமாடியும் முதலில் ஏழைகளுக்கான குடியிருப்பாகக் கட்டப்பட்டதுதான் என்று கண்டுபிடிக்கிறாள். அதே வரைபடம், அதே சுவர். மேலே பூச்சு பூசி விலையை ஏற்றிவிட்டார்கள். நடுவில் குறுக்கே எதுவும் இல்லாததால், பக்கத்துப் பணக்காரப் பகுதியைக் காப்பாற்ற இப்படிச் செய்தார்களாம். இன்னொரு இடம்: குடியிருப்புக்குள் கறுப்பர்கள் கொல்லப்பட்டபோது எட்டிப் பார்க்காத போலீஸ், ஹெலன் அடிபட்டதும் அந்த இடத்தையே வளைத்துப் பூட்டுகிறது. அதை அவளே சொல்கிறாள். குழந்தையோடு தனியாக வாழும் ஆன்-மேரி, குறிப்பெடுக்க வந்த இந்தப் படிச்ச பொண்ணைப் பார்த்துக் கேட்பதும் அங்கேதான். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: “என்னான்னு எழுதப்போற? நாங்கல்லாம் திருடுறோம், போதையில கெடக்குறோம், அப்டித்தானே?” கள ஆய்வு என்று நோட்டோடும் கேமராவோடும் சேரிக்குள் நுழைகிற எல்லோரும் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் படத்தின் முதுகெலும்பு கோணல். வெள்ளை நிலக்கிழாரின் ஏவலால் கொல்லப்பட்டவன், பேயாகி யாரைக் கொல்கிறான்? கப்ரினியின் ஏழைக் கறுப்பர்களை. கொன்றவன் வம்சத்து வீட்டுப் பக்கம் போகவே போகாத பேய் இது! அடுத்து, அவன் ஹெலனை அடையத் துடிக்கிறான். கறுப்பு ஆணுக்கு வெள்ளைப் பெண் மேல்தான் கண் என்கிற பொய்யைச் சொல்லித்தான் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களை மரத்தில் தொங்கவிட்டார்கள். அது பொய் என்று ஐடா பி. வெல்ஸ் 1892இலேயே ‘சதர்ன் ஹாரர்ஸ்’ என்ற பிரசுரத்தில் ஆதாரங்களோடு எழுதினார். பின்னர் அவர் சிகாகோவில்தான் வாழ்ந்தார். சரியாக நூறாண்டு கழித்து அதே சிகாகோவில் எடுத்த படம், கொல்லப்பட்டவன் மேல் இரக்கம் காட்டிக்கொண்டே அந்தப் பழைய பயத்தையும் விற்றது. கடைசியில் ஹெலன் நெருப்பிலிருந்து ஆன்-மேரியின் குழந்தையைக் காப்பாற்றிச் சாகிறாள். குடியிருப்பு சனங்கள் அவள் சவ அடக்கத்துக்கு வரிசையாக வருகிறார்கள். அவளே அடுத்த பேயாகிறாள். ஆக, கறுப்பன் கதை வெள்ளைக்காரியின் தியாகக் கதையாக முடிந்துபோகிறது. விடுதி அறையில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்து பயந்தேன் என்பதற்கு இதுதான் காரணம். கேமரா எங்கே உட்கார்ந்ததோ அங்கேதான் நானும் உட்கார்ந்தேன்.

*

படத்தை விட்டுக் கொஞ்சம் நிலத்துக்கு வருவோம். கப்ரினி-கிரீன் கற்பனை இடம் அல்ல. 1942இல் வரிசை வீடுகளாகத் தொடங்கி, 1958இலும் 1962இலும் உயர்ந்த கட்டடங்கள் சேர்ந்து, மொத்தம் 3,600 வீடுகள், உச்சத்தில் சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடம். சிகாகோவின் மகா பணக்காரப் பகுதியிலிருந்து நடந்து போகிற தூரம். பராமரிப்புப் பணத்தை நிறுத்தினார்கள். லிஃப்ட் நின்றது, விளக்கு அணைந்தது, குப்பை ஏறியது, போதைக் கும்பல் புகுந்தது. அப்புறம் ‘இங்க இருக்கறவங்களே இப்படித்தான்’ என்றார்கள். வீட்டைக் கெடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர் மேல் பழி போடுவது எந்த ஊரிலும் நடக்கிற வித்தைதான்.

கண்ணாடி வழியாகக் கொலைகாரன் வருவது என்கிற கற்பனைக்குப் பின்னாலும் ஒரு நிஜம் இருக்கிறது. 1987 ஏப்ரலில் சிகாகோவின் இன்னொரு அரசுக் குடியிருப்பில் ஒரு கறுப்பினப் பெண் கொல்லப்பட்டார். அடுத்தடுத்த வீடுகளின் குளியலறைக் கண்ணாடி அலமாரிகள் முதுகோடு முதுகாக இருந்தன. நடுவில் குழாய் வேலைக்கு விட்ட சந்து. அலமாரியைக் கழற்றினால் பக்கத்து வீட்டுக்குள் போகலாம். அந்த வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று அந்தப் பெண் போலீசுக்கு போன் செய்தார். போலீஸ் வந்தது, கதவைத் தட்டியது, திறக்கவில்லை என்று திரும்பிப் போனது. இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. ‘சிகாகோ ரீடர்’ பத்திரிகை அதே ஆண்டு இதை விரிவாக எழுதியது. அந்தச் செய்தியின் நிழல் 1992 படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது. அவர் பேர் எல்லாப் பதிவிலும் இருக்கிறது. நான் இங்கே எழுதவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது 1992 அக்டோபர் 16. அதற்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 13 காலையில், கப்ரினி-கிரீனில் அம்மாவோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 7 வயதுச் சிறுவன் குண்டடிபட்டுச் செத்தான். ஒரே வாரத்தில் நகரம் அந்த இடத்தைச் செய்தித்தாளில் படித்தது, தியேட்டரிலும் பார்த்தது. இரண்டு பயமும் ஒன்றோடொன்று கலந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? 1995இல் இடிப்பு தொடங்கியது. 2000இல் நகர வீட்டு வசதி நிர்வாகம் உயர்ந்த கட்டடங்களை எல்லாம் இடித்து 25,000 வீடுகளைக் கட்டவோ புதுப்பிக்கவோ போவதாகப் பெருந்திட்டம் போட்டது. 2010 டிசம்பரில் கடைசிக் குடும்பங்கள் கப்ரினியின் கடைசிக் கோபுரத்தைக் காலிசெய்தன; 2011இல் அதுவும் போனது. அந்த நிலத்தில் இன்று விலையுயர்ந்த அடுக்குமாடிகளும் பெரிய கடைகளும் நிற்கின்றன. பழைய வரிசை வீடுகளில் ஒரு பகுதிதான் புதுப்பிக்கப்பட்டது. ஐடா பி. வெல்ஸ் பெயரில் 1941இல் திறந்த குடியிருப்பும் இதே திட்டத்தில் இடிந்தது. லிஞ்சிங்குக்கு எதிராக எழுதியவரின் பெயர்ப்பலகையும் அதோடு போயிற்று.

படம் மட்டுமே கட்டடத்தை இடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தைப் பேய் வாழும் இடமாக மனசில் பதியவைத்துவிட்டால், அதை இடிக்கிறபோது யாரும் அழமாட்டார்கள்.

*

இடித்தபின் வருகிற படம் டகோஸ்டாவினுடையது. முதல் படம் மேலே இருந்து, நெடுஞ்சாலையைப் பறவைப் பார்வையில் பார்த்துத் தொடங்கும். இது தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. பனியில் கட்டடங்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. படக் கம்பெனிகளின் எழுத்துகூடக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வருகிறது. பார்வையின் இடம் மாறிவிட்டது என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுகிறார்.

அந்தோணி மெக்காய் (யாஹ்யா அப்துல்-மதீன்) ஒரு கறுப்பு ஓவியன். காட்சிக்கூட இயக்குநரான காதலி பிரியானாவோடு, கப்ரினி இருந்த இடத்தில் எழுந்த கண்ணாடி அடுக்குமாடியில் வாழ்கிறான். இரண்டு வருஷமாகப் புதிதாக எதுவும் வரவில்லை. காட்சிக்கூடக்காரனுக்கு இவனிடமிருந்து கறுப்பர் துயரம் வேண்டும், அதுவும் சூடாக வேண்டும். பிரியானாவின் சகோதரன் ஒரு கதை சொல்கிறான்: ஹெலன் என்கிற பைத்தியக்காரி குழந்தையைத் திருடினாள், நெருப்பில் விழுந்தாள் என்று. முதல் படத்தில் காப்பாற்றியவள், வாய்வழியாக வந்து திருடியாகிவிட்டாள். வழக்காறு எப்படித் திரியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அந்தோணி கேமராவை மாட்டிக்கொண்டு வரிசை வீடுகளுக்குப் போகிறான். ஒரு தேனீ கொட்டுகிறது. கை அழுகத் தொடங்குகிறது. அங்கே லாண்டரி வைத்திருக்கும் வில்லியம் பர்க் (கோல்மன் டொமிங்கோ), 1977இல் தான் சிறுவனாகப் பார்த்ததைச் சொல்கிறார். கை இல்லாத, கொக்கி வைத்த ஷெர்மன் ஃபீல்ட்ஸ் என்கிற அப்பாவி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பவன். வெள்ளைச் சிறுமி ஒருத்தியின் மிட்டாயில் பிளேடு இருந்ததென்று போலீஸ் அவனை அடித்தே கொன்றது. அதற்குப் பிறகும் மிட்டாயில் பிளேடு வந்துகொண்டே இருந்தது.

கேண்டிமேன் ஒருவன் அல்ல, தேன்கூடு மாதிரி ஒரு கூட்டம் என்று பர்க் சொல்கிறார். படத்தின் உயிர் இதுதான். ஓவியன் ஒருவன், ஷெர்மன் ஒருவன், இடையில் எத்தனையோ பேர். இந்த முன்கதைகளை நடிகர்களை வைத்துக் காட்டாமல், சிகாகோவின் மேனுவல் சினிமா குழுவினர் செய்த நிழற்பாவைகளால் காட்டுகிறார் டகோஸ்டா. அறுப்பதும் எரிப்பதும் தொங்கவிடுவதும் காகித நிழல்களாக ஓடுகின்றன. இந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். கறுப்பு உடம்பு சிதைவதைத் தபால் அட்டையில் அச்சடித்து விற்ற நாடு அது. அந்த உடம்பை இன்னொரு முறை வேடிக்கைப்பொருளாக வைக்க மாட்டேன் என்கிறார் இவர். கடைசியில் எழுத்துகள் ஓடும்போது ஒரு சிறுவன் மின்நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிழல் வரும். 1944இல் தென் கரோலினாவில் 14 வயதில் அப்படிக் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஸ்டின்னியை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. அவன்மேலான தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 2014இல், 70 ஆண்டு கழித்து. இந்த நிழற்பாவைகளை மட்டும் வைத்து ஒரு சிறு முன்னோட்டம் 2020 ஜூனில் வந்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நேரம்.

வெட்டுக்குத்துப் படங்களின் பழைய சட்டங்களையும் இவர் கலைக்கிறார். அப்படங்களில் கறுப்பன் முதலில் சாவான். இங்கே கண்ணாடி முன் நின்று விளையாட்டாகப் பேரைச் சொல்லிச் சாகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். பள்ளிக்கூடக் கழிப்பறையில் வெள்ளைச் சிறுமிகள் சாகும்போது, உள்ளே தாழிட்டு உட்கார்ந்திருந்த கறுப்புச் சிறுமி பிழைக்கிறாள். பிரியானா ஓர் இருட்டுப் படிக்கட்டின் கதவைத் திறந்து கீழே பார்த்துவிட்டு, “ம்ஹூம், நான் போகமாட்டேன்” என்பதுபோல் சாத்திவிட்டுப் போகிறாள். தியேட்டரில் அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். விடுதியில் சிரித்த சிரிப்பு அல்ல இது.

*

என்னை மிகவும் குடைந்த பகுதி ஓவியச் சந்தை பற்றியது. அந்தோணி ஒரு குளியலறைக் கண்ணாடி அலமாரியைச் செய்து வைக்கிறான். திறந்தால் உள்ளே வதையின் ஓவியங்கள். விமர்சகி ஒருத்தி அதை மட்டம் தட்டுகிறாள். அன்றிரவே காட்சிக்கூடத்தில் இரண்டு பேர் சாகிறார்கள். டி.வி. செய்தியில் தன் பேர் வந்ததும் அந்தோணியின் முகத்தில் வருகிற சந்தோஷத்தைக் கவனிக்க வேண்டும். அதே விமர்சகி இப்போது கூப்பிட்டுப் பேசுகிறாள். கொலை நடந்தபின் கலைக்கு மதிப்பு கூடிவிட்டது. ஓவியராக இருந்து தன் கண்முன்னே தற்கொலை செய்துகொண்ட அப்பாவின் கதையைத்தான் பிரியானாவிடமும் மேல்தட்டுக் கலைக்காரர்கள் மோப்பம் பிடித்து வருகிறார்கள்.

இது நமக்குத் தெரியாத சந்தையா? தன் வரலாறும் வாக்குமூலமும் எழுதுகிற நாம், ‘இன்னும் கொஞ்சம் வலியாக எழுதுங்களேன்’ என்று கேட்கிற குரலைக் கேட்டிருக்கிறோம். பசியும் மலமும் ரத்தமும் இருந்தால் பாராட்டு, கணக்குக் கேட்டால் ‘கலையாகவில்லை’ என்பது. அதைவிட உறுத்துவது வேறொன்று. 1992இல் கேமராவோடு உள்ளே போனவள் வெள்ளைக்காரி. 2021இல் போகிறவன் அந்த மண்ணிலேயே பிறந்தவன். ஆனால் போகிற காலடி ஒன்றுதான். பர்க்கிடம் கதையை வாங்கிக்கொண்டு வந்து காட்சிக்கூடத்தில் வைக்கிறான், பர்க்குக்குத் திரும்ப ஏதும் போகவில்லை. நம்ம ஆள் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது என்று படம் சொல்கிறது. கசப்பாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டிய உண்மை.

அந்தோணிக்குத் தான் பிறந்த இடமே தெரியாது. அம்மா வேறு ஊர்ப்பக்கம் சொல்லி வளர்த்திருக்கிறாள். அவள் வேறு யாருமில்லை, அந்த ஆன்-மேரிதான். அதே வனெசா வில்லியம்ஸ் 29 வருஷம் கழித்து வந்து நடிக்கிறார். நெருப்பிலிருந்து மீண்ட குழந்தை அந்தோணி. அந்தப் பேரை இனி யாரும் சொல்வதில்லை என்று குடியிருப்பு சனங்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள் என்கிறாள். எங்க அம்மாவும் நான் கல்லூரிக்குப் போகும்போது, “எந்த ஊருன்னு கேட்டா டவுன் பேரச் சொல்லு, போதும்” என்று சொல்லி அனுப்பியவள்தான். அதைக் கோழைத்தனம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆன்-மேரியின் முகத்தைப் பார்த்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. பேசாமல் இருந்தது அவர்களுக்கு வேலியாக இருந்தது.

*

இனி என் மனக்குறை. கப்ரினி-கிரீன் பற்றிய படத்தில் கப்ரினி-கிரீன் மக்கள் எங்கே? ஆன்-மேரிக்கு ஒரே ஒரு காட்சி. மிச்சம் இருப்பவர் பர்க் ஒருவர். அவரையும் கடைசி இருபது நிமிஷத்தில் பைத்தியக்காரனாக்கி, அந்தோணியின் கையை ரம்பத்தால் அறுக்கவைத்து, புதுப் பேயைத் தயாரிக்கிறவராக மாற்றிவிடுகிறார்கள். தன் அக்காவைப் பறிகொடுத்து, வீடு இடிவதைப் பார்த்து, ஊரைவிட்டுப் போகாமல் துணி வெளுத்துக்கொண்டு இருந்த மனிதன் அவர். நினைவைச் சுமந்த ஆளையே வில்லனாக்கினால் 1992இன் கோணல் வேறு வழியில் உள்ளே வந்துவிடுகிறது. 91 நிமிஷப் படத்தில் வசதியானவர்கள் வீட்டு விருந்துப் பேச்சுக்கு நேரம் இருக்கிறது. இடித்த வீடுகளின் 15,000 பேரில் ஒருவர் வீட்டு அடுப்படிக்கு நேரம் இல்லை. வீடிழந்தவர்கள் தாங்களே பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால், ரோனிட் பெசலேல் பல ஆண்டுகள் கூடவே இருந்து எடுத்த ‘70 ஏக்கர்ஸ் இன் சிகாகோ’ ஆவணப்படத்துக்குத்தான் போகவேண்டும். அதில் பேய் இல்லை. காலிசெய்யச் சொன்ன நோட்டீஸ் இருக்கிறது.

இரண்டாவது, பெயர்கள். கொல்லப்பட்டவரின் பேரைச் சொல் என்பது அமெரிக்கத் தெருக்களின் முழக்கம். பெண்களின் பேர் அதில் விட்டுப்போகிறது என்றுதான் கிம்பர்லே கிரென்ஷாவும் அவரது ஆப்பிரிக்க அமெரிக்கக் கொள்கை மன்றமும் 2014இல் ‘அவள் பேரைச் சொல்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால் பர்க் சொல்லும் தேன்கூட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கண்ணாடி அலமாரி வழியாக வந்த சாவை நிஜத்தில் செத்தது ஒரு பெண். இந்தக் கதைக்கே அவர் சாவு அஸ்திவாரம். அவருக்கு நிழற்பாவையில்கூட இடம் இல்லை.

அப்படியானால் நீயே அவர் பேரைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் விட்டேன். இந்தப் படங்கள் எனக்குக் கற்றுத்தந்த ஒன்று உண்டு: பேரைச் சொல்வது எல்லா நேரமும் மரியாதை ஆகாது. கண்ணாடி முன் நின்று, பயம் தருகிறதா பார்ப்போம் என்று சொல்லும் பேரும் உண்டு. அவர் போன் செய்தபோது கதவை உடைக்காதவர்கள் யார், அந்தச் சந்தை அடைக்காமல் விட்டது யார் என்கிற கேள்வியோடு சேர்த்து அந்தப் பேரைச் சொல்லலாம். பேய்ப்பட விமர்சனத்தில் சுவைக்காகச் சொல்ல எனக்கு மனசில்லை.

கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். கையறுந்து பிரியானாவின் மடியில் கிடக்கும் அந்தோணியைப் போலீஸ் வந்த வேகத்தில் சுட்டுக் கொல்கிறது. பிரியானாவைக் காரில் உட்காரவைத்து, அவன்தான் தாக்க வந்தான் என்று சொல், இல்லையென்றால் நீயும் கூட்டாளி என்கிறார்கள். உலகத்தின் எல்லா போலீஸ் நிலையத்திலும் எழுதுகிற அதே வாக்குமூலம். அவள் கார்க் கண்ணாடியில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஐந்து முறை பேரைச் சொல்கிறாள். வருகிறவன் போலீஸ்காரர்களைக் கிழிக்கிறான். தேனீக்கள் மொய்க்கும் முகம் டோனி டாட்டின் முகமாகிறது. எல்லோரிடமும் சொல் என்கிறான் அவளிடம். பழிவாங்கும் பேயால் நியாயம் வராது, அடுத்த நாள் காலை அதே போலீஸ்தான் இருக்கும் என்று சொல்கிற விமர்சகர்களோடு நான் சண்டை போடவில்லை. எனக்கு அங்கே கொக்கியைவிட முக்கியமாகப் பட்டது, சாட்சி சொல்லச் சொன்னது. 1992இல் கொலைக்குச் சாட்சியாக எஞ்சியது வெள்ளைக்காரியின் கல்லறை. இப்போது எஞ்சுவது, பொய் வாக்குமூலம் தரமாட்டேன் என்ற ஒரு கறுப்புப் பெண்.

அன்றைக்கு விடுதிக் கண்ணாடியில் என் முகத்தைக் காட்டினவன் இன்று எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன்மேல் இப்போது கோபமும் இல்லை. கூடச் சேர்ந்து சிரித்த என்மேல்தான் இருந்தது. கொக்கி யார் கையில் இருக்கிறது என்று காட்டித்தான் எல்லோரும் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அந்தக் கையை அறுத்தது யார் என்று நாம் கேட்க வேண்டும். டகோஸ்டாவின் படம் குறையோடாவது அதைக் கேட்டிருக்கிறது.